புதுப்பிப்பு: கிறிஸ்துமஸ் ஓட்டத்துல செபமே வரலைன்னு எழுதியிருந்தேனே

போன வாரம் எழுதியது ஞாபகம் இருக்கும்: ஆபீஸில் வருஷக் கடைசி வேலை, அச்சு முறுக்கு, பிள்ளைகளுக்குத் துணி, செபிக்க உட்கார்ந்தால் கணக்குதான் ஓடுகிறது என்று. "பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கக்கா" என்றார் ஒரு தம்பி.

நேற்று பெங்களூரு சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் முந்திரி, கிஸ்மிஸ் வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் மரியன்னை பசிலிக்காவில் நுழைந்தேன். சேலை உடுத்திய மாதா. பையைக் கீழே வைத்தேன். கைப்பிடி அழுத்திய இடத்தில் விரலெல்லாம் சிவந்திருந்தது. வார்த்தையே வரவில்லை. குடிலில் குழந்தை இயேசுவை வைக்கும் தீவனத் தொட்டி இன்னும் காலி. சத்திரத்தில் இடம் கிடைக்காதவர் என்னிடமும் இடம்தான் கேட்கிறார் என்று பட்டதும் அழுதுவிட்டேன். "ஆண்டவரே, வாங்க." அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் இருந்தார். எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் அதிரசம் கடையில்தான். தம்பி, ரொம்ப நன்றிப்பா.