வெள்ளைக்காரர்கள் சீனர்களைப் பற்றிப் பேசக் கேட்டது: உங்கள் அனுபவம்?

ஓக்லாந்துக்காரன்:
என் பழைய மேனேஜர் ஒருவர் சீனாவின் ஷென்ஜென் நகரத்து டீமைப் பற்றி அடிக்கடி சொல்வார்: “அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள், கொடுத்த வேலையை முடிப்பார்கள்.” பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். 1867 ஜூனில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. கம்பெனி மலைக்குப் போகும் சாப்பாட்டை நிறுத்தியது. ஒரு வாரத்தில் கதை முடிந்தது.

போன மாதம் ஊரிலிருந்து வந்த அப்பாவை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவுக்குக் கூட்டிப் போனேன். 1910 முதல் 1940 வரை குடியேற்ற நிலையம் இருந்த இடம். சீனாவிலிருந்து கப்பலில் வந்தவர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில், அடைத்து வைத்து விசாரித்திருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் இருந்தது என்றெல்லாம் கேள்வி. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொன்ன பதிலோடு ஒத்துப்போகவில்லை என்றால் சிக்கல்தான். அவர்கள் மரச்சுவரில் செதுக்கிய கவிதைகள் இன்னும் இருக்கின்றன.

அப்பா விருதுநகரில் நாற்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர். அவரைப் பிடித்துக்கொண்டது கவிதை இல்லை, சட்டம். 1882-ல் வந்த சீனர் விலக்குச் சட்டம் கூலிகளுக்குத்தான் தடை, வியாபாரி வரலாம். “மூட்டைக்குச் சொந்தக்காரன் வரலாம், மூட்டை தூக்குறவன் வரக்கூடாதா?” என்றார். வியாபாரிக்கும் லேசில்லை. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் நிஜமாகவே அமெரிக்காவில் கடை வைத்திருந்தார் என்று, 1893 முதல், சீனர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். சலவைக் கடை வைத்திருந்தால் கணக்கிலேயே வராது, அவர் கூலி. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அந்த ரெண்டு பேர்கிட்ட மட்டும் பாக்கி கேட்கவே முடியாது” என்றார்.

பனியன் கம்பெனி:
திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது பையரிடம் ஆர்டர் பேசி முடித்துக் கொடுப்பது. ஐரோப்பிய பையர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். இளநீர் குடித்து முடிக்கிற வரைக்கும் சைனாவைத் திட்டுவார்: காப்பி அடிப்பான், தொழிலாளியைப் பிழிவான், நம்ப முடியாது. காஸ்டிங் ஷீட்டை (விலைக் கணக்கை) திறந்ததும், “இதே பீஸை சைனாவில் இன்ன ரேட்டுக்குத் தருகிறான், உனக்கு ஏன் கட்டாது?” போன சீசன் ஜிப் வைத்த ஹூடி ஆர்டர். ஜிப்புக்கு அவரே நாமினேட் செய்து கொடுத்த சப்ளையர் சைனாக்காரர்! சரக்கு சொன்ன தேதிக்கு வந்தது. லேட்டானது என்னவோ எங்கள் டையிங் (சாயம் போடும் வேலை) தான்.

எல்லாவற்றையும் வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடவும் மனமில்லை. சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பருத்தியில் கட்டாய உழைப்பு பற்றிய கேள்வி நியாயமானது. அங்கிருந்து வரும் சரக்கு கட்டாய உழைப்பில் உருவானது என்றே 2022 ஜூனிலிருந்து அமெரிக்கா எடுத்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பாடு. அதனால் பஞ்சு எந்த ஊர், நூல் எந்த மில் என்று எங்களிடமும் கட்டுக்கட்டாகப் பேப்பர் கேட்கிறார்கள். கேட்கட்டும். அந்தச் செலவைப் பீஸ் ரேட்டில் ஏற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு மறுபடியும் சைனா ரேட்டுக்கே போய்விடுகிறது.

ஸ்காபரோ அக்கா:
நாங்கள் ரொறன்ரோவில் அகின்கோர்ட் பக்கம் குடிவந்தபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, “சீனரின் மோல் வந்துதான் இந்த இடம் கெட்டது, கார் நிறுத்த இடமில்லை” என்று குறைப்படுவார். 1984-ல் டிராகன் சென்டர் திறந்த காலத்துக் கதை அது. ஆனால் மரக்கறி வாங்குவது சீனக் கடையில்தான், மலிவாம். கனடாவும் தன் ரயில் பாதை முடிந்த 1885-ம் ஆண்டிலேயே சீனருக்கு 50 டொலர் தலைவரி போட்டது. 1903-ல் அது 500. மன்னிப்புக் கேட்டது 2006-ல். பிறகு எங்கள் ஆட்கள் கடை திறக்கத் தொடங்க, அந்த அம்மாவின் பார்க்கிங் முறைப்பாடு எங்கள் பக்கம் திரும்பியது.

ஓக்லாந்துக்காரன்:
ஏஞ்சல் தீவுக்கு எப்படிப் போவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: எதிர்க்கரை ஊரான டிபுரானிலிருந்து படகு இருக்கிறது. இறங்கின பிறகு ஒரு மைலுக்கு மேல் ஏற்ற இறக்கமான நடை. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அப்பா திரும்பும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.