ஊஞ்சல் பலகை வில்லாக எழும்பியது: கிளாம்பை இறுக்கியது குற்றமா, இறுக்கிய விதம் குற்றமா?

உடுமலை மரப்பிரியன் எழுதியது:

கூடத்து ஊஞ்சலுக்காக நான்கு தேக்குச் சட்டங்களைப் பக்கவாட்டில் ஒட்டி ஒரே பலகையாக்க முயன்றேன். ஒவ்வொரு சட்டமும் 150 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம். விளிம்புகளை இழைப்புளியால் இழைத்து, ஃபெவிகால் தடவி, தரையில் வரிசையாகக் கிடத்திய நான்கு பைப் கிளாம்புகளின் (இரும்புக் குழாயில் இரண்டு தாடைகளைப் பொருத்தி, திருகி நெருக்கும் இறுக்கிகள்) மேல் சட்டங்களை அடுக்கித் திருகினேன். நடு இணைப்பில் கால் நூல் (முக்கால் மி.மீ.) அளவுக்குச் சந்து தெரிந்தது. திருகின் கைப்பிடியில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, இனி அரைச் சுற்றும் போகாது என்னும் வரை இறுக்கினேன். சந்து மூடியது, பசை வழிந்தது, மனமும் நிறைந்தது. மறுநாள் கிளாம்புகளைக் கழற்றிவிட்டுப் பலகையின் குறுக்கே இரும்பு அளவுகோலை நிறுத்தியபோது, அது நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு இருபக்கமும் ஆடியது. சமமாகப் பிடித்துப் பார்த்தால் ஓரங்களில் 4 மி.மீ. வெளிச்சம். வெளி விளிம்புகளில் கிளாம்பின் தாடை பதிந்த பள்ளங்கள் வேறு. அளவுக்கு மீறி இறுக்கியதுதான் காரணமா? இந்தப் பலகையை இனி என்ன செய்வது?

கோபி தச்சுப்பட்டறை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் செருகிய அந்தத் துண்டுக் குழாயிலேயே இருக்கிறது. பசை தடவுவதற்கு முன் சட்டங்களை வெறுமனே அடுக்கி, நடுவில் ஒரே ஒரு கிளாம்பை விரல் பலத்தில் திருகிப் பார்த்திருக்க வேண்டும். அதிலேயே எல்லாச் சந்தும் மூடிக்கொண்டால் விளிம்பு தயார். மூடவில்லையென்றால் மீண்டும் இழைப்புளியைத்தான் எடுக்க வேண்டுமே தவிர, திருகை நம்பக் கூடாது. பலத்தால் மூடிய சந்தில் மரம் விலகப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையோ காய்ந்த பிறகும் தொடர் இழுப்புக்குச் சிறிது சிறிதாக இளகிக் கொடுக்கும் தன்மையுள்ளது. ஆறு மாதம் கழித்துப் பலகையின் முனையில் மயிரிழை போல ஒரு கீறல் தெரிவது பெரும்பாலும் இப்படித்தான்.

என் அப்பாரு காலத்தில் வச்சிரம் என்னும் விலங்குத் தோல் பசையைக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் இரண்டு விளிம்புகளிலும் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நாலு தரம் முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் பசை பிதுங்கி, ஒரு கட்டத்தில் மரம் நகர மறுத்து நின்றுவிடும்; அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். கிளாம்பே கிடையாது. "திருகாணியாலயா மரஞ் சேருது? எளைக்கறதுலதான் சேரோணும்" என்பார் அப்பாரு. அப்படி ஒட்டிய பெட்டி மூடி ஒன்று இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பீளமேடு இயந்திரவியல் எழுதியது:

கோபி அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறுபாதி, வச்சிரத்தின் குணத்தை ஃபெவிகாலுக்கு ஏற்றிச் சொல்வதாகப் படுகிறது. வச்சிரம் குளிரும்போதே உறைந்து மரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் தேய்த்து ஒட்டினால் போதுமானதாக இருந்தது. வெள்ளைப் பசையிலுள்ள நீர் மரத்துக்குள் இறங்கிப் போன பிறகே பிடிப்பு வரும். அதுவரை இரண்டு விளிம்புகளையும் நெருக்கி வைத்திருக்க வெளியிலிருந்து அழுத்தம் வேண்டும், அதுவும் நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே வேண்டும். இத்தகைய பசைகளுக்குச் சொல்லப்படும் அழுத்தம் மென்மரங்களுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிலோ, கடினமரங்களுக்கு 12 முதல் 17 கிலோ. தேக்குக்கு 10 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், 150 செ.மீ. நீளமும் 3 செ.மீ. கனமும் உள்ள விளிம்பின் பரப்பு 450 சதுர செ.மீ., ஆகவே 4,500 கிலோ வேண்டும். ஒரு பைப் கிளாம்ப் வெறுங்கையால் திருகும்போது சுமார் 450 கிலோ தரும் என்று கொண்டால், நான்கும் சேர்ந்து தருவது 1,800 கிலோதான். நண்பர் குழாய் செருகி அதை இரட்டிப்பாக்கியிருந்தாலும் அந்த இலக்கை எட்டியிருக்க மாட்டார். "அதிகமாக இறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி, இணைப்பு பட்டினி கிடக்கும்" என்று எல்லாப் பட்டறைகளிலும் சொல்கிறார்களே, கைக்கிளாம்பும் வெள்ளைப் பசையும் உள்ள இடத்தில் அந்த அச்சம் வீண். இணைப்பு பட்டினி கிடப்பது பசையைக் கஞ்சத்தனமாகத் தடவியதாலோ, தடவிய பசை சேர்ப்பதற்குமுன் காய்ந்ததாலோதான். அரால்டைட் போன்ற எபாக்சிப் பசை வேறு வகை, அதை மெல்லத் தொட வைத்தால் போதும், இறுக்கினால் கெடும்.

இனி வளைவுக்கு வருவோம். நடுவில் 4 மி.மீ. எழும்ப, மூன்று இணைப்புகளும் தலா முக்கால் டிகிரி திரும்பியிருந்தால் போதும். 3 செ.மீ. கனத்தில் அது 0.4 மி.மீ. வேறுபாடு. இழைப்புளியை ஒரு பக்கம் சற்றே சாய்த்துப் பிடித்தாலே அந்த வேறுபாடு வந்துவிடும். மூலைமட்டம் வைத்துப் பார்த்தீர்களா என்று நண்பர் சொல்லவில்லை.

கோபி தச்சுப்பட்டறை எழுதியது:

பீளமேட்டுத் தம்பியின் கணக்கில் பிழை காண எனக்குத் தெரியாது. ஆனால் அந்த 10 கிலோ என்பது விளிம்பு முழுவதும் ஒரே சீராக அழுத்தும்போது அல்லவா? கிளாம்பின் தாடை இரண்டு விரல் அகலம்தான் தொடுகிறது. அங்கிருந்து அழுத்தம் விசிறி போல, ஏறக்குறைய 45 டிகிரியில் பரவிப் போகும். வெளிச்சட்டத்தின் அகலம் 15 செ.மீ. என்றால், முதல் இணைப்பை எட்டும்போது ஒரு தாடையின் அழுத்தம் இருபக்கமும் 15, ஆக 30 செ.மீ. நீளத்துக்குத்தான் பரவும். நான்கு கிளாம்புகளை 150 செ.மீ.யில் பரப்பினால் இடைவெளி 40 செ.மீ.க்குக் குறையாது. இடையில் அழுத்தமே படாத துண்டுகள் கிடக்க, தாடைக்கு நேரே மட்டும் மரம் நசுங்கும். அவர் காட்டிய பள்ளங்கள் அதற்குச் சாட்சி. 5 செ.மீ. அகல ரீப்பர் (சிறு மரச்சட்டம்) ஒன்றை வெளி விளிம்போடு சேர்த்துப் பிடித்திருந்தால் விசிறி 40 செ.மீ. ஆகியிருக்கும், பள்ளமும் விழுந்திருக்காது.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. நான்கு கிளாம்புகளும் அடியிலேயே கிடந்தன என்கிறார். தாடைகள் குழாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், இறுக்க இறுக்கக் குழாய் பலகையை நோக்கி வில்லாக வளையும், தாடையின் மேல்பகுதி வெளியே சாயும், அழுத்தம் பலகையின் நடுக்கனத்தை விட்டு அடிவிளிம்புக்கு இறங்கிவிடும். அடி நெருங்கினால் மேல் விரியும், பலகை நடுவில் எழும்பும். வெறுங்கையால் திருகியபோது கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவு, துண்டுக் குழாய் செருகிய பிறகு தெரிந்திருக்கும். கிளாம்பின் குழாயோடு அளவுகோலை வைத்துக் குனிந்து பார்த்திருந்தால் இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் கண்டிருப்பார். ஆகவே இறுக்கியது குற்றமில்லை என்பதை நான் ஒப்பமாட்டேன்.

காங்கயம் மரக்கடை எழுதியது:

நீங்கள் இருவரும் காற்றை மறந்துவிட்டீர்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில், திறந்த கொட்டகையில் பசை தடவினால், மூன்றாவது விளிம்புக்குப் போவதற்குள் முதல் விளிம்பில் ஏடு கட்டிவிடும். ஏடு கட்டிய பசை பிதுங்காது, பிதுங்கவில்லையே என்று மேலும் இறுக்குவோம். கதவைச் சாத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஓர் இணைப்பு மட்டும் ஒட்டுங்கள். தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம். இழைத்து நாளாகியிருந்தால் தின்னர் நனைத்த துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு, அது பறந்த பின் உடனே பசை தடவுங்கள்.

பீளமேடு இயந்திரவியல் எழுதியது:

தாடை சாய்வது பற்றி அண்ணா சொன்னது சரியான விசைக் கணக்கு, அதை மறுக்கவில்லை. கிளாம்புகளை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக மாட்டினால் ஒன்றன் வளைப்பை மற்றொன்று சரிக்கட்டும், தாடைக்கும் விளிம்புக்கும் இடையே நடுக்கனத்தில் விரல் தடிமனுள்ள உருண்டைக் குச்சியை வைத்தால் அழுத்தம் அங்கேயே விழும். அப்படிச் செய்தபின் எவ்வளவு இறுக்கினாலும் வளையாது என்றால், குற்றவாளி இடம்தானே தவிர, பலம் அல்லவே? மேலும், இரண்டு சட்டங்களை ஒட்டும்போது விளிம்பின் நடுவில் சிறிது பள்ளமாக இழைத்து, ஒரே கிளாம்பால் இழுத்து மூடும் வழக்கம் தச்சர்களிடமே உண்டு. அது மட்டும் பலத்தால் மூடுவது ஆகாதா?

தீர்மானிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பலகையின் முனையிலிருந்து 2 செ.மீ. குறுக்காக அறுத்தெடுத்து, அறுத்த முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, பூதக்கண்ணாடியில் பசைக்கோட்டைப் பாருங்கள். கோடு மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருந்தால் அண்ணா சொன்னபடி கிளாம்பு விரித்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மெலிந்திருந்தால் நான் சொன்னபடி விளிம்பே சாய்வாக இழைக்கப்பட்டிருக்கிறது.

கோபி தச்சுப்பட்டறை எழுதியது:

அந்த நடுப்பள்ளம் ஐந்தடி நீளத்துக்கு ஒரு தாளின் கனம். உள்ளங்கையால் அழுத்தினாலே மூடும். கால் நூல் சந்தும் அதுவும் ஒன்றாகாது. ஆனால் அறுத்துப் பார்க்கும் யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது.

உடுமலை மரப்பிரியன் எழுதியது:

நேற்று அறுத்துப் பார்த்தேன். ஓரத்து இணைப்புகள் இரண்டிலும் பசைக்கோடு மேல்முகத்தில் பென்சில் கோடு போலத் தெரிகிறது, கீழே வர வர மறைந்தே போகிறது. நடு இணைப்பில் அப்படியில்லை. சந்து இருந்ததே, அந்த இணைப்பின் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, தேடித்தான் காணவேண்டிய அளவுக்கு மெலிந்திருக்கிறது, ஆனால் சட்டங்கள் இரண்டும் அதில் கோணலாகத்தான் நிற்கின்றன. மூலைமட்டம் வைக்காமல் இழைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பின்பு மூன்று கோடுகளிலும் நெடுக அறுத்துப் பிரித்தேன். இந்த முறை அடுத்தடுத்த இரண்டு சட்டங்களையும் புத்தகம் போல் மடித்துச் சேர்த்துப் பிடித்து, இரு விளிம்புகளையும் ஒரே இழைப்பில் இழைத்தேன். சாய்வு இருந்தாலும் விரித்து வைக்கும்போது ஒன்றுக்கொன்று ஈடாகிவிடுகிறது. இருபக்கமும் ரீப்பர் வைத்து, கீழே மூன்றும் மேலே இரண்டுமாக ஐந்து கிளாம்புகள் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு ஒவ்வோர் இணைப்பாக மூன்று நாட்களில் ஒட்டினேன். துண்டுக் குழாயைத் தொடவில்லை. இணைப்பு நெடுகக் கடுகு கோத்தது போலப் பசைமணிகள் எழுந்ததும் நிறுத்திக்கொண்டேன். இப்போது ஓரங்களில் அரை மி.மீ.க்கும் குறைவான வெளிச்சம்தான் தெரிகிறது.

பீளமேடு இயந்திரவியல் எழுதியது:

மகிழ்ச்சி. ஆனால் நான்கைந்து மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்துவிட்டீர்கள், இதில் இறுக்கத்தைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வெட்டுத் துண்டுகள் மிச்சமிருந்தால், இதே அமைப்பில் ஒன்றை மெதுவாகவும் மற்றொன்றை முழுப் பலத்திலும் இறுக்கி ஒட்டி, காய்ந்த பின் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். இரண்டுமே பசையில் விடாமல் மரத்தில்தான் உடையும் என்பது என் துணிபு.

கோபி தச்சுப்பட்டறை எழுதியது:

உடையட்டும், பார்ப்போம். தம்பி, அவசரப்பட்டு இன்றே மேல்முகத்தை இழைத்துவிட வேண்டாம். பசையின் நீரைக் குடித்து இணைப்போரம் இப்போது உப்பியிருக்கும். அந்த உப்பலோடு சமமாக இழைத்தால், நீர் வற்றியபின் மூன்று கோடுகளிலும் வாய்க்கால் போலப் பள்ளம் விழும், பாலிஷ் போட்ட பிறகுதான் அது கண்ணில் படும்.

உடுமலை மரப்பிரியன் எழுதியது:

சரிங்க ஐயா. பலகையை இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி குச்சிகளின் மேல் கிடத்தியிருக்கிறேன். கடைசியாக ஒட்டிய இணைப்பில் நகத்தால் கீறினால் மேடு இன்னும் தட்டுப்படுகிறது, முதல் இணைப்பில் தட்டுப்படவில்லை. எல்லாம் ஒன்றுபோலான பிறகு இழைக்கிறேன்.