ஜேம்ஸ் கிப்சனுக்காக ஓர் உதவி

நண்பர்களே, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப் என்றதும் அதன் மேலாளர்களாக இருந்த பஸ்பி, ஃபெர்குசன் பெயர்கள்தான் எல்லோர் வாயிலும் வருகின்றன. ஜேம்ஸ் கிப்சனை எத்தனை பேர் நினைக்கிறோம்? 1931 டிசம்பரில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே வழியில்லாமல் கிளப் தத்தளித்தபோது, கைப்பணத்தைப் போட்டுக் காப்பாற்றியவர் அவர். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீரர்களுக்கு வான்கோழிகூட அவர் செலவில்தான் கிடைத்தது! 1945-இல் பஸ்பி மேலாளராக வந்ததும் கிப்சன் கிளப்பின் தலைவராக இருந்தபோதுதான். 1951-இல் காலமானார், மறு ஆண்டு கிளப்புக்கு வந்த இங்கிலாந்து லீக் பட்டத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

அவரைப் பற்றித் தமிழில் ஒரு சிறு மலர் தயாரிக்கிறோம். மான்செஸ்டரில் இருப்பவர்கள், கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்ட் அருகே ரயில் பாலத்தில் உள்ள அவரது நினைவுப் பலகையை, எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்ப முடியுமா? உருவப்படம் வரையத் தெரிந்தவர்களும் தேவை.