லுட்விகாவுக்கு வர்றவங்களுக்கு: வீடு, லைசென்ஸ், குளிர், கிரைண்டர்

கேள்வி: சென்னை ஆஃபீஸ்லருந்து ஸ்வீடன்ல இருக்கிற லுட்விகாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு அனுப்புறாங்க. மனைவியும் நாலு வயசுப் பையனும் கூட வர்றாங்க. ஸ்டாக்ஹோம்ல வீடு பார்த்துட்டு தினமும் போய்வர முடியுமா அண்ணா?

பதில்: அந்த நினைப்பே வேண்டாம் தம்பி. ரயில்ல ஒரு வழிக்கே ரெண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. லுட்விகாவுலயே இருங்க.

ஊர் சின்னது. நகராட்சி முழுக்கச் சேர்த்தாலும் சுமார் 26 ஆயிரம் பேர்தான். ஆனா உங்க மின்சாரத் துறை வேலைக்கு இதுதான் தாய்வீடு. 1954-ல காட்லாண்ட் தீவுக்குக் கடலடி கேபிள்ல கரன்ட் கொண்டுபோன முதல் வணிக ஹெச்.வி.டி.சி. (உயர் அழுத்த நேர்திசை மின்சார) லைனுக்கு, ஏசி-டிசி மாத்துற வால்வுகளை இன்ஜினியர் ஊனோ லாமோட குழு உருவாக்கினது இங்கதான். கம்பெனி பேரு அன்னிக்கு ஆசெயா (ASEA), அப்புறம் ஏபிபி, இப்ப ஹிட்டாச்சி எனர்ஜி. சத்தீஸ்கர் ராய்கட்லருந்து நம்ம புகளூருக்கு 800 கிலோவோல்ட்ல வர்ற லைன்லயும் இவங்க கைவரிசை உண்டு.

வந்ததும் முதல் வேலை வரித்துறையான ஸ்காட்டேவெர்க்கெட்ல குடும்பத்தோட பதிவு பண்றது. பெர்சூன்நும்மர்ங்கிற தனிநபர் எண் வந்தாதான் அடையாள அட்டை, பேங்க், பேங்க்ஐடிங்கிற டிஜிட்டல் அடையாளம் எல்லாம் ஒண்ணொண்ணா நகரும். கம்பெனி குடுக்கிற தற்காலிக வீட்டை நம்பி உட்காராதீங்க. நகராட்சியோட வாடகை வீட்டுக் கம்பெனியான லுட்விகாஹெம்ல சீக்கிரமே பேரைப் பதிஞ்சு வைங்க. கிரெங்கெஸ்பெரி பக்கம் வீடு மலிவு. அங்க இரும்புச் சுரங்கம் 1989-ல மூடினதுலருந்து ஊர் கொஞ்சம் வெறிச்சுன்னுதான் இருக்கும். கார் இல்லாம அங்க போகாதீங்க.

நம்ம ஊர் லைசென்ஸ், நீங்க வரித்துறையில பதிவான நாள்லருந்து ஒரு வருஷம்தான் செல்லும். அதுக்குள்ள இங்க தேர்வு எழுதிடுங்க. வழுக்குத் தரையில ஓட்டுற பயிற்சியும் கட்டாயம். டிசம்பர் 1-லருந்து மார்ச் 31 வரை ரோட்டுல பனி, ஐஸ் இருந்தா குளிர்கால டயர் போட்டாகணும். பார்க்கிங்ல ஒவ்வொரு காருக்கு முன்னாடியும் இடுப்பளவு கம்பத்துல ப்ளக் இருக்கும். மைனஸ் 20-ல இன்ஜினைச் சூடேத்த அது.

பையனுக்கு ஃபோர்ஸ்கோலா, அதாவது மழலையர் பள்ளி. விண்ணப்பிச்ச நாலு மாசத்துக்குள்ள நகராட்சி இடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு. அதனால பதிவு முடிஞ்ச கையோட விண்ணப்பிச்சிடுங்க.

இப்ப முக்கியமான சங்கதி. ஆலைக்குள்ள இங்கிலீஷ்ல காலம் தள்ளிடலாம், உங்களுக்குக் கவலையில்ல. கேட்டுக்கு வெளியில எல்லாமே ஸ்வீடிஷ். இந்த ஊர்ல வேலைன்னா பெரும்பாலும் அந்த ஆலைதான், அதனால திண்டாடுறது கூட வர்றவங்கதான். டிசம்பர்ல ஆறு மணி நேரம்கூட வெளிச்சம் தங்காது. நாள் பூரா வீட்டுக்குள்ள ஒருத்தரா இருந்தா மனசு நொந்துடும். ரெண்டு வருஷம்தானேன்னு விட்டுடாதீங்க. நகராட்சியோட எஸ்.எஃப்.ஐ. ஸ்வீடிஷ் வகுப்புக்குக் காசு கிடையாது, முதல் மாசமே தங்கச்சியைச் சேர்த்துவிடுங்க. திரும்பிப்போற எண்ணம் மாறின குடும்பங்களை இங்க நிறையப் பார்த்தாச்சு.

துணி துவைக்கிறது அபார்ட்மென்ட்டோட பொது அறையிலதான், நேரம் பதிஞ்சுட்டுப் போகணும். டிரையர் வடிகட்டியில சேர்ற பஞ்சை எடுக்காம வந்தா, மறுநாள் கதவுல உங்களுக்காக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

கேள்வி: ரொம்ப நன்றிண்ணா. டேபிள்டாப் கிரைண்டர் கொண்டு வரலாமான்னு வீட்டுல கேட்கிறாங்க.

பதில்: தாராளமா. இங்கயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ப்ளக்கை மட்டும் மாத்தணும். ராத்திரி பத்துக்கு மேல ஓட்டாதீங்க, கீழ்வீட்டுக்காரர் வந்துடுவார். மாவு பொங்க ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வைங்க.