ரெண்டு கம்பெனியும் ஒரு பைசா வரி பிடிக்கல, இப்போ ஐடிஆர் போட உட்காந்தா 49 ஆயிரம் கட்டுன்னு காட்டுது

மேடவாக்கம்_மச்சான் | செப்டம்பர் 8, 2025

வணக்கம் மக்களே. வருஷா வருஷம் நானே தான் ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) போடுவேன், பத்து நிமிஷ வேலை, எல்லாம் ஜீரோன்னு வரும், சப்மிட் அடிச்சிட்டு டீ குடிக்க போயிடுவேன். நேத்து ஞாயித்துக்கிழமை அதே மாதிரி உட்காந்தேன். போர்ட்டல்ல எல்லாம் அதுவே நிரப்பி வெச்சிருந்துச்சு, கடைசி பக்கத்துல கட்ட வேண்டிய தொகை 49,310னு வந்துச்சு. முதல்ல 4,931ன்னு தான் படிச்சேன், கண்ணாடிய தொடச்சிட்டு மறுபடி பாத்தா அதே 49,310.

விஷயம் என்னன்னா போன வருஷம் கம்பெனி மாறினேன். 2024 ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பழைய கம்பெனி, மாசம் 62,000. அக்டோபர் 1ல இருந்து சோழிங்கநல்லூர்ல புது கம்பெனி, மாசம் 1,05,000. ரெண்டு ஃபார்ம் 16ம் (கம்பெனி தர்ற சம்பள, வரி சான்று) கையில இருக்கு, ரெண்டுலயும் டிடிஎஸ் (சம்பளத்துலயே பிடிக்கிற வரி) ஜீரோ தான். கம்பெனிக்காரன் ஆடிட்டர் எல்லாம் வெச்சு கணக்கு பாத்து வரி இல்லன்னு சொன்ன அப்புறம் கவர்மெண்டு எப்படி 49 ஆயிரம் கேக்குது? போர்ட்டல்ல ஏதாச்சும் தப்பா? நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்கு நேர்ல போய் கேக்கணுமா?

புது சம்பளத்த நம்பி வீடு வேற மாத்தினேன், வாடகை 14,000, அட்வான்ஸ் பத்து மாசம், அதுலயே இருந்ததெல்லாம் போச்சு. டீம்ல ஒருத்தர் சொல்றாரு, ப்ரோ பழைய கம்பெனிய டெலீட் பண்ணிட்டு இப்ப இருக்கிற கம்பெனி ஃபார்ம் 16 மட்டும் வெச்சு போடு, ஜீரோ வரும்னு. போட்டு பாத்தேன், நிஜமாவே ஜீரோ தான் வருது. சப்மிட் பண்ணல. 15ஆம் தேதி டெட்லைன். என்ன பண்றது?

சிறுசேரி_நைட்ஷிஃப்ட்

ப்ரோ பழைய ரிஜீம்ல (வாடகை, எல்ஐசின்னு கழிவு கேக்கிற பழைய வரி முறை) போட்டு பாருங்க. கம்பெனில ரென்ட் ரசீது குடுக்கலன்னாலும் ஐடிஆர்ல எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) க்ளெய்ம் பண்ணலாம், சம்பளக்காரங்க டெட்லைனுக்குள்ள போட்டா எந்த ரிஜீம் வேணாலும் எடுத்துக்கலாம். சென்னை மெட்ரோ லிஸ்ட்ல இருக்கிறதால பேசிக்ல 50 பர்சென்ட் வரைக்கும் போகும். ஆனா வருஷ வாடகை ஒரு லட்சத்த தாண்டினா ஹவுஸ் ஓனர் பான் கேக்கும். எங்க ஓனர் கிட்ட பான் கேட்ட அன்னைக்கு மூஞ்சிய திருப்பிக்கிட்டு போனவர் தான், இன்னைக்கு வரைக்கும் மாடிப்படில பாத்தா பேச மாட்டேங்கறாரு.

கணக்குப்புள்ள

மயிலாப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷமா இருக்கேன், ரிட்டர்ன் சீசன் வந்தா இதே கேஸ் தினம் ரெண்டு மூணு வருது. தம்பி, போர்ட்டல் தப்பு இல்ல, உங்க ரெண்டு கம்பெனியும் தப்பு பண்ணல, அது தான் இதுல கஷ்டமே.

பழைய கம்பெனி என்ன பாத்துச்சு? மாசம் 62,000, வருஷத்துக்கு 7,44,000, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (சம்பளக்காரங்க எல்லாருக்கும் கழியற 75,000) கழிச்சா 7 லட்சத்துக்கு கீழ வந்துடுது, அந்த வருஷம் புது ரிஜீம்ல 7 லட்சம் வரைக்கும் 87 ஏ பிரிவுல ரிபேட் (வரித் தள்ளுபடி) இருந்துச்சு, அதனால வரி இல்ல. புது கம்பெனிக்கு நீங்க அதுக்கு முன்னாடி எங்க எவ்ளோ வாங்கினீங்கன்னு தெரியாது. அவங்க கணக்குல நீங்க அக்டோபர்ல தான் பொறந்தீங்க. ஆறு மாசம் 6,30,000, அதுல ஒரு 75,000 கழிச்சு 5,55,000, அதுவும் 7 லட்சத்துக்கு கீழ, அங்கயும் ரிபேட், அங்கயும் வரி இல்ல. ஒரே ரேஷன் கார்டுக்கு ரெண்டு கடைல சர்க்கரை வாங்கின மாதிரி ஒரு மனுஷனுக்கு ஒரு தடவ தான் உண்டுங்கிற சலுகைய நீங்க தெரியாமலே ரெண்டு எடத்துல வாங்கிட்டீங்க.

இப்ப ரெண்டையும் சேத்து பாருங்க. 3,72,000ம் 6,30,000ம் சேந்து 10,02,000. 75,000 ஒரே ஒரு தடவ தான் கழியும், மீதி 9,27,000. 7 லட்சத்த தாண்டின உடனே ரிபேட் போயிடுச்சு. முதல் 3 லட்சத்துக்கு வரி இல்ல, 3ல இருந்து 7 வரைக்கும் 5 பர்சென்ட் 20,000, அதுக்கு மேல இருக்கிற 2,27,000க்கு 10 பர்சென்ட் 22,700, ஆக 42,700, செஸ் 4 பர்சென்ட் 1,708 சேத்து 44,408. இது தான் அசல்.

மீதி 4,902 வட்டி. டிடிஎஸ் போக வரி 10,000க்கு மேல வந்தா அத அட்வான்ஸ் டாக்ஸா ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ன்னு நாலு தவணைல கட்டிருக்கணும். கட்டலன்னா 234 சி படி 2,238, அப்புறம் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மாசம் 1 பர்சென்ட் 234 பி படி 2,664. மாசத்துல ஒரு நாள் ஆனாலும் முழு மாசம் தான், அதனால இன்னைக்கு கட்டினாலும் 30ஆம் தேதி கட்டினாலும் இந்த 2,664 மாறாது. ஆனா ரிட்டர்ன் 15க்குள்ள போகலன்னா 234 எஃப் படி 5,000 அபராதம் தனி, 234 ஏ வட்டி தனி. ஆயகர் பவன் எல்லாம் போகாதீங்க, அங்க போனா செக்யூரிட்டி கிட்ட தான் பேசிட்டு வரணும், ரிட்டர்ன் ப்ராசஸ் பண்றது பெங்களூர் சிபிசி.

புது கம்பெனில ஜாயின் பண்ணப்போ எச்ஆர் ஒரு கத்தை ஃபார்ம் குடுத்திருப்பாங்க, அதுல ஃபார்ம் 12 பின்னு ஒன்னு இருந்திருக்கும், முந்தைய கம்பெனி சம்பளத்த எழுதி தர்றது. அத குடுத்திருந்தா புது கம்பெனி மொத்தத்துக்கும் கணக்கு போட்டு ஆறு மாசத்துல மாசம் ஏழாயிரத்து சொச்சம் பிடிச்சிருக்கும், வட்டியும் வந்திருக்காது.

உங்க டீம்காரர் யோசனைய மட்டும் கேக்காதீங்க. பழைய கம்பெனி சம்பளம் டிபார்ட்மென்ட்டுக்கு தெரியாதுன்னா போர்ட்டல் அத தானா எப்படி நிரப்பி வெச்சிருந்துச்சு? ஏஐஎஸ்ல (டிபார்ட்மென்ட் கிட்ட இருக்கிற நம்ம வருமான விவரம்) ரெண்டு கம்பெனியும் உக்காந்திருக்கு. தெரிஞ்சே மறைச்சா 270 ஏ படி அந்த வரிக்கு 200 பர்சென்ட் அபராதம் வரலாம், உங்க கணக்குக்கு 88 ஆயிரத்து சொச்சம், அசலும் வட்டியும் அதுக்கு மேல. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி மனசு மாறி ஐடிஆர்-யூ (விட்டத சேத்து அப்புறமா போடற ரிட்டர்ன்) போட்டா கூட முதல் வருஷம் 25 பர்சென்ட் கூடுதல், அப்புறம் 50, 60, 70ன்னு ஏறிட்டே போகும்.

மேடவாக்கம்_மச்சான்

அண்ணா ரொம்ப நன்றி, இப்ப தான் புரியுது. மெயில்ல தேடி பாத்தேன், எச்ஆர் 12 பி அனுப்பிருக்காங்க, ஆப்ஷனல்னு போட்டிருந்துச்சு, ஆப்ஷனல்னு போட்டா நாம எப்ப நிரப்பிருக்கோம்.

சிறுசேரி ப்ரோ, பழைய ரிஜீம் போட்டு பாத்துட்டேன். வாடகை, பிஎஃப், எல்ஐசி 24,000, தொழில் வரி எல்லாத்தையும் போட்டும் வரி மட்டும் 65 ஆயிரம் கிட்ட வருது. புதுசே பரவால்ல. ஓனர் கிட்ட பான் கேக்கிற வேலையும் மிச்சம்.

சிறுசேரி_நைட்ஷிஃப்ட்

அப்போ பே லேட்டர்னு ஒரு ஆப்ஷன் இருக்கும் ப்ரோ, அத அமுக்கிட்டு ரிட்டர்ன போட்டுடுங்க, 5,000 மிச்சம். மாசம் 1 பர்சென்ட் தானே, எந்த பேங்க்ல இந்த வட்டிக்கு லோன் குடுப்பான், கிரெடிட் கார்டுல மூன்றரை பர்சென்ட் பிடுங்குறான்.

கணக்குப்புள்ள

கணக்கு சரி தான், ஆனா சட்டப்படி வரிய கட்டிட்டு தான் ரிட்டர்ன் போடணும். கட்டாம போட்டா நீங்க பாக்கிதாரர்னு ஆயிடும், டிமாண்ட் வரும், வந்து 30 நாள்ல கட்டணும், அதுக்கப்புறம் 220(2) படி தனி வட்டி ஓடும். நடுவுல எப்பவாச்சும் ரீஃபண்ட் வர்ற மாதிரி இருந்தா அதையும் பாக்கிக்கு பிடிச்சுப்பாங்க. வேற வழியே இல்லாதவங்களுக்கு நானே சொல்லிருக்கேன், இல்லன்னு சொல்லல, ஆனா முதல்லயே அத நம்பி உக்காராதீங்க. பாதி கட்டினா கூட அது முதல்ல வட்டிக்கு போகும், மிச்சம் தான் அசல்ல கழியும், அதையும் மனசுல வெச்சுக்கங்க.

அம்பத்தூர்_அக்கா

தம்பி உங்களுக்காச்சும் பிடிக்காத காசுக்கு கேக்குறாங்க. எனக்கு பிடிச்ச காசுக்கே கேட்டாங்க. மூணு வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த ஒரு சின்ன கம்பெனி மாசா மாசம் சம்பளத்துல டிடிஎஸ் பிடிச்சுது, பேஸ்லிப்ல அழகா போட்டிருந்துச்சு, கவர்மெண்டுக்கு கட்டவே இல்ல. நான் பேஸ்லிப்ப பாத்து ரிட்டர்ன் போட்டேன், அஞ்சு மாசம் கழிச்சு 143(1) இன்டிமேஷன் (ரிட்டர்ன சரிபாத்து அனுப்புற தகவல்) வருது, 38 ஆயிரம் பாக்கின்னு. கம்பெனிக்கு போன் பண்ணா ஆளே இல்ல. சம்பளத்துல பிடிச்ச வரிய திரும்ப நம்ம கிட்ட வசூலிக்க கூடாதுன்னு 205ன்னு ஒரு பிரிவு இருக்கு, போர்ட்டல்ல டிமாண்ட ஒத்துக்கலன்னு போட்டு பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஏத்தினேன், இன்னும் இழுத்துட்டு இருக்கு. அதுல டிமாண்ட் சரின்னு ஒரு தடவ அமுக்கிட்டா அப்புறம் மாத்த முடியாது, அவசரத்துல யாரும் அமுக்கிடாதீங்க. அன்னைல இருந்து 26 ஏஎஸ் (நம்ம பேர்ல கட்டின வரி கணக்கு) பாக்காம நான் எதையும் நம்புறதில்ல.

இன்னொன்னு, உங்கள மாதிரி ஆளுங்கள தேடி ஏஜென்ட் வருவான், பழைய ரிஜீம்ல கட்சிக்கு நன்கொடை, ஹோம் லோன்னு எதையாச்சும் போட்டு வரிய ஜீரோ ஆக்கி தரேன், ரீஃபண்ட் வந்தா பங்கு குடுன்னுவான். இந்த ஜூலைல தான் இந்த மாதிரி பொய் க்ளெய்முக்காக நாடு முழுக்க 150 எடத்துல சோதனை போட்டாங்க. மாட்டினா ஏஜென்ட் வாட்ஸ்அப் டிபிய மாத்திட்டு போயிடுவான், நோட்டீஸ் நம்ம பேருக்கு தான் வரும்.

வங்கி_ஓய்வு_62

கட்டுவதற்கு முன் ஏஐஎஸ்-ல் சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்டி வட்டி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் தம்பி. நான் முப்பத்தி நாலு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவன், வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்காவிட்டால் வரியே இல்லை என்று நினைப்பவர்கள் தான் பாதி பேர். புது ரிஜீமில் சேமிப்பு வட்டிக்கு கழிவும் கிடையாது. அதையும் சேர்த்து ஒரே தடவையில் கட்டிவிடுங்கள், முந்நூறு ரூபாய்க்கு தனி டிமாண்ட் வந்தால் நாற்பதாயிரத்துக்கு வந்த அதே தலைவலி தான்.

கணக்குப்புள்ள

சார் சொல்றது கரெக்ட். தம்பி கட்டும்போது ஈ-பே டாக்ஸ்ல அசெஸ்மென்ட் இயர் 2025-26னு எடுங்க, நிறைய பேர் சம்பாதிச்ச வருஷம்னு நினைச்சு 2024-25 எடுத்துடறாங்க, அப்புறம் காசு ஒரு வருஷத்துல நிக்கும் ரிட்டர்ன் இன்னொரு வருஷத்துல நிக்கும், நான் உக்காந்து கரெக்‌ஷன் போடணும். வகை செல்ஃப் அசெஸ்மென்ட், 300. கட்டின அப்புறம் சலான்ல இருக்கிற பிஎஸ்ஆர் கோடும் சீரியல் நம்பரும் ரிட்டர்ன்ல ஏறிருக்கான்னு பாத்துட்டு சப்மிட் அடிங்க. 14, 15 வரைக்கும் இழுக்காதீங்க, கடைசி நாள்ல போர்ட்டல் அம்மாவாசை அன்னைக்கு கோயில் வாசல் மாதிரி இருக்கும்.

உங்களுக்கு எரிச்சல் வர்ற மாதிரி ஒன்னு சொல்லவா, இந்த வருஷம் 2025-26க்கு புது ரிஜீம்ல சம்பளக்காரங்களுக்கு 12,75,000 வரைக்கும் வரி இல்ல. உங்க 1,05,000 சம்பளம் வருஷத்துக்கு 12,60,000. 10 லட்சம் வாங்கின வருஷத்துக்கு 44 ஆயிரம், 12 லட்சத்து 60 ஆயிரம் வாங்கற வருஷத்துக்கு ஜீரோ. நடுவுல பெரிய ஹைக் மட்டும் வாங்கிடாதீங்க.

மேடவாக்கம்_மச்சான் | செப்டம்பர் 12

கட்டிட்டேன் மக்களே. ஓய்வு சார் சொன்ன மாதிரி ஏஐஎஸ் பாத்தா சேமிப்பு கணக்கு வட்டி 2,300 இருந்துச்சு, அதையும் சேத்து மொத்தம் 49,570. அக்கா சொன்னதுக்காக 26 ஏஎஸ்ஸும் பாத்தேன், எனக்கு ஒன்னும் பிடிக்கவே இல்ல அதனால அதுல வம்பும் இல்ல. பைசா எங்கன்னு கேக்காதீங்க, தீபாவளிக்கு தி.நகர் போறதுக்குன்னு வீட்ல பிடிச்சிட்டு இருந்த சீட்ட மனைவி எடுத்து குடுத்தா, கொஞ்சம் ஃப்ரெண்டு கிட்ட. ஹைக் வந்தப்போ ஆறு மாசம் முழு சம்பளமும் கைக்கு வந்துச்சே, அப்ப ஒரு தடவையாச்சும் ஏன் வரி பிடிக்கலன்னு யோசிச்சியான்னு கேட்டா. பதில் இல்ல. டீம்காரர் கிட்ட கட்டிட்டேன்னு சொன்னேன், ஒரு மாதிரி பாத்தாரு, அவரும் போன வருஷம் தான் கம்பெனி மாறினாரு.

ரிட்டர்ன் சப்மிட் ஆயிடுச்சு, வெரிஃபை தான் பாக்கி. என் ஆதார்ல இருக்கிறது அப்பா நம்பர், அவர் விழுப்புரத்துல இருக்காரு. ஓடிபி போச்சு, போன் பண்ணி அப்பா ஒரு நம்பர் வந்திருக்கும் படிங்கன்னா, ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, பெத்த புள்ள குரல்லயே பேசி ஏமாத்துறானுங்களாம், பேங்க்ல போர்டு வெச்சிருக்கான்னு சொல்லி வெச்சிட்டாரு. மூணு தடவ ஆச்சு.

கணக்குப்புள்ள

30 நாள் டைம் இருக்கு தம்பி, நெட் பேங்கிங் வழியாவும் வெரிஃபை பண்ணலாம். அப்பாவ விடுங்க, அவர் சரியா தான் இருக்காரு.