காட்டுத்தீயில் தப்பிய வீட்டின் குழாய்த் தண்ணீர்: கொதிக்க வைத்தால் போதாதா?

நீர்வழி (கேள்வி):
2018 நவம்பர் 8இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்தது. எரியாமல் நின்ற வீடுகளிலும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கூடக் குடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். சுத்திகரிப்பு நிலையம் தப்பிவிட்டது, பிறகு தண்ணீரில் பென்சீன் (புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்) எங்கிருந்து வந்தது? லைனைத் திறந்துவிட்டு அலசினால் போகாதா?

மெயின்லைன்:
வீடு எரிந்து விழுந்ததும் அதன் குழாய் உடைந்து தண்ணீர் பீறிடும். ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் இப்படி ஆனால் தெருவில் ஓடும் மெயின் லைனில் அழுத்தம் விழுந்துவிடும். அப்போது உடைந்த முனைகள் புகையையும் சாம்பலையும் உள்ளே உறிஞ்சும். சூட்டில் சிதைந்த பிவிசி, ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்களும் தாமே பென்சீன் விடும். 2017இல் சான்டா ரோசாவிலும் தீக்குப் பிறகு இதே சிக்கல்தான்.

அலசல் ஓரளவுக்குத்தான் உதவும். மீன்குழம்பு வைத்த மண்சட்டி கழுவிய பிறகும் வாசனை விடுவதுபோல, பிளாஸ்டிக் உறிஞ்சிய பென்சீன் தேங்கிய தண்ணீரில் மறுபடி கசியும்.

ஆய்வுக்குப்பி:
கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான் மருந்து. பென்சீன் ஆவியாகி அடுக்களைக் காற்றில் கலக்கும், அதைத்தான் மூச்சில் இழுப்பீர்கள். வெந்நீர்க் குளியலிலும் இதே ஆபத்து. கலிஃபோர்னிய வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். பாரடைஸில் கிடைத்த உச்ச அளவு 2,000ஐத் தாண்டியது.

பெரும்பாலானவர்கள் மாதிரி எடுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். 72 மணி நேரம் எந்தக் குழாயையும் திறக்காமல் விட்டு, முதலில் வரும் தண்ணீரையே பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்தால் மெயின் லைன் தண்ணீர்தான் குப்பியில் இருக்கும். முடிவு சுத்தம் என்று வரும், அந்த வீட்டுக் குழந்தைகள் நஞ்சைக் குடிப்பார்கள். 40 மி.லி. கண்ணாடிக் குப்பியை மெல்ல, விளிம்பு ததும்ப நிரப்பி மூடுங்கள். கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவு குமிழ் தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுங்கள், பென்சீன் அந்தக் காற்றுக்குள் போயிருக்கும். பிறகு ஐஸ் பெட்டியில் வையுங்கள். பென்சீனை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்; டொலுயீன், ஸ்டைரீன், நாஃப்தலீன் போன்ற மற்ற வேதிப்பொருள்களையும் சோதிக்கச் சொல்லி ஆய்வகத்தில் கேளுங்கள்.

மெயின்லைன்:
மீட்கும் வேலையில் வரிசை முக்கியம். முதலில் எரிந்த மனைகளின் மீட்டர் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள், இல்லாவிட்டால் அந்த அழுக்கு நல்ல லைனுக்குத் திரும்பும். அடுத்து மெயின் லைனைத் துண்டு துண்டாகப் பிரித்து, சுத்தமான பக்கத்திலிருந்து கெட்ட பக்கம் நோக்கி அலசிச் சோதியுங்கள். அலசிய பிறகும் தேங்கிய தண்ணீரில் பென்சீன் வரம்பைத் தாண்டும் வீட்டு இணைப்புக் குழாயைத் தோண்டி மாற்றுவதே சரி. புதிய இணைப்பில் என்.ஆர்.வி. வால்வு (தண்ணீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுப்பது) கட்டாயம் வேண்டும்.

இடிபாடு அள்ளும் பொக்லைன் மீட்டர் பாக்ஸை நொறுக்கிவிடும். வண்டி வருமுன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்பு நட்டு வண்ண நாடா கட்டிவிடுங்கள்.

நீர்வழி:
வீட்டுக்குள் ஓடும் குழாய்?

ஆய்வுக்குப்பி:
அதற்குத் தனியாக மாதிரி எடுக்க வேண்டும். மீட்டர் வரை சுத்தம் என்றால் அடுக்களைக் குழாயும் சுத்தம் என்று ஆகாது. வெந்நீர்த் தொட்டியிலிருந்தும் ஒரு குப்பி பிடியுங்கள்.