கறுப்பனின் மருத்துவச் செலவுக்காகப் பின்னலாடைகள்

குழு அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தாப்பாவில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் வளரும் நாய் கறுப்பனுக்கு உண்ணிக் காய்ச்சல் கண்டிருக்கிறது. உண்ணி கடிக்கும்போது உடலில் புகும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைத்துவிடுவதால், அவனுக்கு மூக்கிலிருந்து இரத்தம் கசிந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் இடைவிடாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் கால்நடை மருத்துவர். மாத்திரையைவிட, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைகளுக்கே பணம் அதிகம் செலவாகிறது. (தோட்டப்புறத்தில் நாய் வளர்ப்போர், அதன் காதுகளின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் தவறாமல் பார்த்துவர வேண்டுகிறேன்.)

இச்செலவுக்காக, நான் கையால் பின்னிய ஆடைகளை விற்க விரும்புகிறேன். நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்பக் குழந்தைகளின் தொப்பிகளையும் காலுறைகளையும் பருத்தி நூலில் பின்னியிருக்கிறேன். கம்பளிச் சால்வைகள் கேமரன் மலைக்குச் செல்வோருக்கு, குறிப்பாக இரவுக் குளிர் தாங்காத பெரியவர்களுக்கு, மிகவும் பயன்படும். தொப்பி 25 ரிங்கிட், சால்வை 80 ரிங்கிட். நூலின் விலையையும் உழைப்பையும் எண்ணினால் இது நியாயமான விலை என்றே நம்புகிறேன். அளவும் நிறமும் சொன்னால் புதிதாகவும் பின்னித் தருவேன். தாப்பா, பீடோர் வட்டாரத்தில் நேரில் கொண்டுவந்து தருகிறேன். மற்ற ஊர்களுக்கு அஞ்சலில் அனுப்புகிறேன். கேமரன் மலையில் கடை வைத்திருக்கும் அன்பர்கள் யாரேனும் சில சால்வைகளைத் தம் கடையில் வைத்து விற்றுத்தர இயலுமானால், அருள்கூர்ந்து இப்பதிவின் கீழ் தெரிவியுங்கள்.